நான்கு பையன்கள், மூன்று ஆண்டுகள்: ரஃபேல்

ஜப்பானில் ஏப்ரல் முதல் தேதிக்குத் தனி மரியாதை உண்டு. நிதியாண்டு அன்றுதான் பிறக்கிறது. கல்லூரி முடித்தவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு முதன்முதலாக வேலைக்குப் போவதும் அன்றுதான். பள்ளிகள் அதையொட்டிய நாட்களில் புது வகுப்புகளைத் திறக்கின்றன. 1998இல் அதே ஏப்ரல் 1 அன்று, பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், டோக்கியோ பையன்கள் நான்கு பேர் 'லைலாக்' என்ற மினி ஆல்பத்தை வெளியிட்டார்கள். நால்வருக்கும் 16ஐ ஒட்டிய வயது. அவர்கள் வயதுப் பிள்ளைகள் சீருடையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிய வாரம் அது. அந்த ராக் குழுவின் பெயர் ரஃபேல்.

இரண்டரை ஆண்டு கழித்து, 2000 அக்டோபர் 31 அன்று, அந்தக் குழுவின் தலைவனும் கிட்டார் கலைஞனும் பெரும்பாலான பாடல்களை எழுதியவனுமான கசுகி இறந்துபோனான். வயது 19. 2001 ஜனவரியில் குழு கலைந்தது.

ரஃபேலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அக்டோபரிலிருந்தே தொடங்குகிறார்கள். அழகான முகம், அகால மரணம், அழுது நிற்கும் ரசிகைகள். அப்படிச் சொன்னால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் அந்த ஒரு நாள் இந்தப் பையன்கள் செய்துவைத்த மூன்று ஆண்டு வேலையை மொத்தமாக விழுங்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாவு வந்த பிறகு அவர்களின் பாடல்களில் எல்லோரும் சாவை மட்டுமே தேடுகிறார்கள். எனக்கு அவற்றில் கேட்பது வேறு: 16, 17, 18 வயதில் ஒருவன் தன் வயதைப் பற்றித் தானே பேசும் குரல். ராக் இசையில் அது எளிதில் கிடைப்பதில்லை. பதின்வயதைப் பற்றிய பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் அந்த வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆனவர்கள்.

ரஃபேல் ஒரு விஷுவல் கெய் குழு. விஷுவல் கெய் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களின் பிற்பாதியில் ஜப்பானிய ராக்கில் வேரூன்றிய ஒரு வழி அது. பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே இருக்கும் குழுக்கள். கண்மை, உதட்டுச்சாயம், சாயம் ஏற்றி வானத்துக்கு நிமிர்த்திய தலைமுடி, சரிகை, தோல், வெல்வெட். இசை ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் ஹெவி மெட்டல் வாசிப்பார், இன்னொருவர் பங்க், மற்றொருவர் தேவாலய ஆர்கன் சாயலில் ஏதாவது. தோற்றமும் ஒலியும் மேடையும் சேர்ந்தே ஒரு படைப்பு என்ற பிடிவாதம் மட்டும் எல்லோருக்கும் பொது. கபுகி நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தகாராசுகா நாடக அரங்கில் பெண்கள் ஆண் வேடமேற்று 1914 முதல் ஆடிவருகிறார்கள். ஆகவே ஜப்பானியக் கண்ணுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை.

இந்த வழியின் மூத்தவர்கள் எக்ஸ். பின்னாளில் எக்ஸ் ஜப்பான். அதன் டிரம்ஸ் கலைஞர் யோஷிகி 1986இல் எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளை, அதாவது ஒலித்தட்டு நிறுவனத்தை, தொடங்கி, பெரிய நிறுவனங்களின் வாசலில் காத்துக்கிடக்காமலும் ஒரு குழு எழுந்து நிற்க முடியும் என்று காட்டினார். 1989இல் வந்த 'புளூ பிளட்' ஆல்பத்துக்குப் பிறகு, நாடெங்கும் பள்ளிப் பையன்கள் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். 1990இல் 'ஷாக்ஸ்' என்ற இதழ் இந்தக் குழுக்களுக்காகவே தொடங்கப்பட்டது. எக்ஸின் அதிவேக டிரம்ஸ், இரட்டைக் கிட்டார்கள் ஒன்றையொன்று தழுவிப் பாடும் மெல்லிசை, நடுவே பியானோ இழையும் சோகப் பாடல்: இந்த மூன்றையும் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் கசுகியின் தலைமுறை.

ரஃபேல் உருவானது 1997இல். கசுகியும் பேஸ் கிட்டார் வாசித்த யுகிதோவும் தொடங்கினார்கள். பாடகன் யூகியும் டிரம்ஸ் வாசித்த ஹிரோவும் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டின் கடைசி நாளன்று டோக்கியோ டோமில் எக்ஸ் ஜப்பான் தன் பிரியாவிடைக் கச்சேரியை நடத்தியது. 'லைலாக்' வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், 1998 மே 2 அன்று எக்ஸின் கிட்டார் கலைஞர் ஹிடே இறந்தார். சுகிஜி ஹொங்கன்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பல்லாயிரம் பிள்ளைகள் வந்து தெருவெல்லாம் நின்று அழுதார்கள். மூத்தவர்கள் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் நுழைந்த கடைக்குட்டிகள் இவர்கள்.

சந்தைக்கோ அது பொற்காலம். 1998தான் ஜப்பானிய ஒலித்தட்டுத் தொழிலின் உச்சம். உற்பத்தியின் மதிப்பு அந்த ஆண்டு 60,000 கோடி யென்னைத் தாண்டியது. மாலிஸ் மைசர், லா கிரிமா கிறிஸ்டி, ஷாஸ்னா, ஃபனட்டிக் கிரைசிஸ் ஆகிய நான்கையும் விஷுவல் கெய்யின் நான்கு தேவராஜாக்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. மை தீட்டிய ஆண்முகங்கள் தொலைக்காட்சியில் சாதாரணமாகிவிட்டிருந்தன. புதுக் குழுக்களைத் தேடி லேபிள்காரர்கள் லைவ் ஹவுஸ்களுக்கு வந்துகொண்டிருந்த காலம்.

லைவ் ஹவுஸ் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரஃபேலின் உழைப்பு எனக்குப் புரிந்ததே அங்கேதான். பெரும்பாலும் ஏதாவது கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் சிறிய அரங்கு. சில நூறு பேர் நிற்கலாம். விஷுவல் கெய் உலகில் மெகுரோவின் ரொகுமெய்கான், சைதாமா பக்கம் உராவாவின் நார்சிசஸ் போன்றவை புகழ்பெற்றவை. ஒரே மாலையில் ஐந்தாறு குழுக்கள் ஆளுக்கு அரை மணி நேரம் வாசிக்கும். வாசலில் டிக்கெட் வாங்கும்போது "இன்றைக்கு எந்தக் குழுவுக்காக வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். டோக்கியோவில் வேலை பார்த்த நாட்களில் தகதனோபாபாவில் முதன்முறை அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஏதோ விருந்தோம்பல் என்று நினைத்தேன். அது கணக்கு. ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்றே ஆக வேண்டும். குறைந்தால் மிச்சத்தைக் குழுவே கையிலிருந்து கட்ட வேண்டும். நொருமா என்று அதற்குப் பெயர்.

உதாரணத்துக்கு, 2,000 யென் டிக்கெட் 20 என்று ஒரு குழுவுக்கு விதித்தால் 40,000 யென். 1998இல் டோக்கியோவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 700 யென்னைக்கூட எட்டவில்லை. பகுதிநேர வேலை பார்க்கும் ஒரு பள்ளி மாணவன் அந்தத் தொகையைச் சேர்க்க ஏறத்தாழ 60 மணி நேரம் உழைக்க வேண்டும். அதுவும் ஒரு மாலைக்கு. ஒத்திகை அறையின் வாடகை, கிட்டார் கம்பிகள், ஒப்பனைப் பொருள், உடைத் துணி எல்லாம் தனி. ஆள் வர வேண்டுமென்றால் கையெழுத்தை நகலெடுத்த துண்டுத்தாள்களை மற்றக் குழுக்களின் கச்சேரி வாசலில் நின்று கொடுக்க வேண்டும். டெமோ கேசட்டை இலவசமாகவே தர வேண்டும். எல்லாக் குழுக்களும் கடந்துவரும் பாதைதான் இது. பெரும்பாலோர் இருபதுகளில் கடப்பார்கள். பலர் அதற்கு முன்பு மூத்த குழுக்களுக்குக் கருவி தூக்கிக்கொடுத்து, கம்பி மாற்றிக்கொடுத்து, வசவு வாங்கித் தொழில் பழகியிருப்பார்கள். மூத்தவர், இளையவர் என்ற ஏணி அங்கே மிகக் கறாரானது. 16 வயதில் அந்த உலகத்துக்குள் போகிறவன் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தம்பி.

ரசிகைகள் இல்லாமல் இந்த உலகம் ஒரு நாள்கூட நகராது. பங்கியா என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பெண்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன கையசைவு என்று தங்களுக்குள் முடிவுசெய்து, அரங்கு முழுக்க ஒரே சீராகச் செய்வார்கள். வேகப் பாட்டில் இடுப்பிலிருந்து குனிந்து முடியைச் சுழற்றுவார்கள். மெதுவான இடத்தில் இரு கைகளையும் மேடையை நோக்கி மலர்த்துவார்கள். அந்நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹராஜுகு நிலையத்தை ஒட்டிய ஜிங்கு பாலத்தில், தாங்களே தைத்த உடைகளில், தங்களுக்குப் பிடித்த கலைஞனைப் போலவே ஒப்பனை செய்துகொண்டு கூடி நிற்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைப் பைத்தியம் என்று ஒரு வார்த்தையில் கடந்துபோனதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வருத்தமாக இருக்கும். பள்ளியிலும் வீட்டிலும் வாயே திறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் ஒரு நாள் ஊசி நூலோடு தானே உண்டாக்கிக்கொண்ட இடம் அது. ரஃபேலின் கூட்டத்தில் மேடையில் நிற்பவர்களுக்கும் கீழே நிற்பவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது என்பதுதான் இதில் வேறுபாடு. பாடுகிறவனும் கேட்கிறவளும் மறுநாள் காலை ஒரே மாதிரியான உலகத்தில்தான் கண்விழிக்க வேண்டும்.

அந்த உலகம் எப்படி இருந்தது? 1997 ஜூனில் கோபே நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், குழந்தைகளைக் கொன்ற வழக்கில் கைதானான். ஜப்பான் அந்த அதிர்ச்சியிலிருந்து பல ஆண்டுகள் மீளவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கி சரிந்தது. நூற்றாண்டுப் பழமையான யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் கடையை மூடியது. 1998இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை 32,863. அதற்குமுன் 30,000ஐத் தாண்டியதே இல்லை. நடுவயது ஆண்கள்தான் அதில் அதிகம், அதாவது இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களின் வயதுக்காரர்கள். 2000 மே மாதம் 17 வயதுப் பையன் ஒருவன் நெடுஞ்சாலைப் பேருந்தைக் கடத்தினான். பயணி ஒருவர் கொல்லப்பட்டார். பிறகு '17 வயது' என்பதே செய்தித்தாள்களில் ஒரு பயமுறுத்தலாக ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று சிறார் சட்டம் திருத்தப்பட்டு, குற்றவியல் தண்டனைக்கு உள்ளாகும் வயது 16இலிருந்து 14ஆகக் குறைக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிய காலம் அது. உளவியலாளர்கள் பேசினார்கள், அமைச்சர்கள் பேசினார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் யார் யாரோ பேசினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, கண்மை தீட்டிய நான்கு பிள்ளைகள் தாங்களே மைக்கைப் பிடித்து நின்றார்கள் என்பதுதான் எனக்கு ரஃபேல்.

நான் கேட்கத் தொடங்கியபோது குழு கலைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜப்பானில் பழைய குறுந்தட்டுக் கடைகள் அகர வரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். ரகர வரிசை கடைசிக்குக் கொஞ்சம் முன்பு, தரையை ஒட்டிய தட்டில் இருக்கும். குனிந்து தேடினால் சில நூறு யென்னுக்கு ரஃபேலின் சிங்கிள்கள் கிடைக்கும். பழைய ரசிகைகள் விற்றுவிட்டுப் போன தட்டுகள். சிலவற்றின் உறைக்குள் பாடல் வரித் தாள் கசங்கியிருக்கும், யாரோ பலமுறை பிரித்து மடித்த அடையாளத்தோடு. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கசுகியின் வரிகளில் பழைய இலக்கியச் சொற்கள் நிறைய வரும். ஒரு பள்ளி மாணவன் தன் வகுப்பறை அகராதியிலிருந்து பொறுக்கியெடுத்த ஆடம்பரம் அது. சில இடங்களில் அளவுக்கு மீறியது என்றே சொல்வேன். எல்லா இலையும் உதிர்கிறது, எல்லாப் பூவும் சிதறுகிறது, எல்லாக் கடிதமும் சேராமல் போகிறது. ஆனால் 17 வயதில் ஒருவன் அடக்கமாக எழுதியிருந்தால் அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இசைக்கு வருவோம். யூகியின் குரல் மெல்லியது, தெளிவானது, உச்சத்தில் கொஞ்சம் நடுங்கும். எக்ஸின் பாடகர் தொஷி மாதிரிக் கிழித்துக்கொண்டு மேலே போகும் குரல் கிடையாது. பின்னால் டிரம்ஸ் குதிரை வேகத்தில் ஓடும்போதும் அந்தக் குரல் அவசரப்படுவதில்லை. இந்த முரண்தான் ரஃபேலின் அடையாளம் என்று நினைக்கிறேன்: கால் ஓடுகிறது, வாய் கடிதம் வாசிக்கிறது. விஷுவல் கெய்யில் இரண்டு கிட்டார் வைத்த ஐவர் குழுக்களே அதிகம். இவர்கள் நால்வர், கிட்டார் ஒன்றே ஒன்று. ஆகவே பதிவில் கசுகி ஒன்றின் மேல் ஒன்றாகத் தானே வாசித்து அடுக்கிய இரட்டைக் கிட்டார் மெல்லிசையை மேடையில் ஒற்றை ஆளாகத் தாங்க வேண்டியிருந்தது. விடுபடும் இடத்தை யுகிதோவின் பேஸ் நிரப்புகிறது. கச்சேரிப் பதிவுகளைக் கேட்கும்போது கொஞ்ச நேரம் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். சும்மா அடித்தளம் போட்டுக்கொண்டு நிற்காமல் அது எவ்வளவு அலைகிறது என்று தெரியும்.

'லைலாக்'கின் ஒலிப்பதிவு மெலிந்தது. டிரம்ஸ் தகர டப்பா போல ஒலிக்கும் இடங்கள் உண்டு. இருந்தும் அந்தத் தட்டில் மெட்டு எழுதும் ஆற்றல் முழுதாக இருக்கிறது. ஒரு பல்லவி முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னொரு திருப்பம் எடுத்து, அதற்கு மேலே ஏறி, பிறகுதான் இறங்குவான் கசுகி. இந்தப் பழக்கம் கடைசிவரை அவனை விட்டுப் போகவில்லை. ஒரு புறம் பனிக்கால காதல் பாட்டான 'வைட் லவ் ஸ்டோரி' போன்ற இனிமை. மறுபுறம் 'நோய்க்குறி 1', 'நோய்க்குறி 2' என்று எண் போட்டுப் பெயரிட்ட முரட்டுப் பாடல்கள். அவற்றில் முதலாவது, சுத்தம் சுத்தம் என்று கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் மனநோயின் பெயரைத் தாங்கியது. பிள்ளைகளை நோயாளிகளாகப் பார்த்துக் குறிப்பெழுதிய ஒரு சமூகத்துக்கு, அந்தக் குறிப்பேட்டையே பிடுங்கிப் பாட்டாக்கித் திருப்பிக்கொடுத்தது போல எனக்குத் தோன்றும். ஒரே குழு இந்த இரண்டையும் ஒரே மாலையில் பாடியது. பதின்வயதில் ஒரே நாளில் இரண்டும் நடக்கத்தானே செய்கிறது.

1999 ஜூலையில் ஃபார் லைஃப் ரெக்கார்ட்ஸ் வழியாகப் பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்தார்கள். அந்த முதல் சிங்கிளின் பெயரைத் தமிழில் 'பூக்கும் உயிர் உள்ளவரை' என்று சொல்லலாம். வேகம், வெளிச்சம், எழுச்சி. 18 வயதில் ஒருவன் தொழில்முறை உலகத்தின் கதவைத் தட்டும்போது இப்படித்தான் தட்ட வேண்டும். ஆனால் கதவுக்கு அப்பால் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் குரோயுமே என்ற குழு தன் இயக்கத்தை நிறுத்திவிட்டது; மாலிஸ் மைசரை விட்டுப் பாடகர் கக்ட் விலகினார்; ஜூனில் அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் காமி இறந்தார். ஒலித்தட்டு விற்பனை சரியத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சி வேறு முகங்களைத் தேடிப் போயிற்று. ரஃபேல் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஐந்து ஆண்டு முன்னால் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அரங்கு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மரணம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

எனக்கு மிக நெருக்கமானது 2000இன் முற்பகுதியில் வந்த 'லாஸ்ட் கிராஜுவேஷன்'. 1981 ஏப்ரலுக்கும் 1982 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த ஜப்பானியப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை முடித்தது 2000 மார்ச்சில்தான். ஜப்பானில் பள்ளி நிறைவு விழா சாதாரணக் காரியம் கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் வந்து அமர, பெயர் சொல்லி அழைத்து ஒவ்வொருவராக மேடையேறிச் சான்றிதழ் வாங்குவார்கள், பாட்டுப் பாடி அழுவார்கள், தனக்குப் பிடித்த பெண்ணுக்குப் பையன் சீருடைக் கோட்டின் இரண்டாவது பொத்தானைக் கழற்றிக் கொடுப்பான். ஆண்டுதோறும் மார்ச் வந்தால் அதைப் பற்றிய பாடல்கள் மழைபோல வரும். பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும் பெரியவர்களின் பாடல்கள். ரஃபேலின் பாட்டு அந்த மார்ச்சிலேயே, அந்த வயதிலேயே நின்று பாடுகிறது. ஏக்கம் என்பதற்கு இடமில்லை, ஏனென்றால் எதுவும் இன்னும் கடந்த காலமாகவில்லை. அதனால்தான் அந்தப் பாட்டின் வேகம் எனக்கு நியாயமாகப் படுகிறது. மெதுவாகப் பாடியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

அந்தக் கோடையில் 'எவர்கிரீன்' வந்தது. இன்றுவரை அவர்களின் பெயரைச் சொன்னால் பலர் முதலில் முணுமுணுக்கும் மெட்டு. இங்கே கசுகி ஒரு படி மேலே போய்விட்டான் என்பது என் எண்ணம். முந்தைய பாடல்களில் இருந்த அகராதி மினுக்கு குறைந்திருக்கிறது; மெட்டு மூச்சுவிட்டு நடக்கிறது; யூகி குரலைத் தள்ளாமல் பாடுகிறான். மூன்றே ஆண்டில் ஒரு கலைஞன் தன் கையை எப்படிப் பழக்கிக்கொண்டான் என்பதைப் பார்க்க, 'லைலாக்'கிலிருந்து ஏதாவது ஒரு பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். 22 வயதில் என்ன எழுதியிருப்பான் என்ற கேள்வி தவிர்க்க முடியாமல் வருகிறது. நான் அந்தக் கேள்விக்குள் அதிகம் போவதில்லை. எழுதியதே நிறைய.

'இலையுதிர்காலக் காற்றின் ராப்சடி' என்று பொருள்படும் சிங்கிள் வெளியாக வேண்டிய தேதி 2000 நவம்பர் 1. தட்டுகள் முன்பே அச்சாகிக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. முந்தின நாள்தான் கசுகி இறந்தான். தூக்க மருந்தின் நச்சு என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி 20 வயது நிரம்பினால்தான் வயதுவந்தவர். அவன் சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் பிள்ளை. புதுப் பாட்டும் அந்தச் செய்தியும் ரசிகைகளுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

அந்தப் பாட்டின் வரிகளில் முன்னறிகுறி தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிவு, காற்று, எட்டாத ஒருவர் என்று வரும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிட்டு, அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பார்கள். இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். 'எடர்னல் விஷ்' என்ற பாட்டிலும் எட்டாத ஒருவர் இருக்கிறார். அதைப் பாடிவிட்டு அவன் இன்னும் எத்தனையோ மேடை ஏறினான். பிரிவைப் பற்றி எழுதாத பதின்வயதுக்காரன் உண்டா? ஒருவன் எழுதியதையெல்லாம் அவன் சாவின் துணுக்குகளாக்கிவிட்டால், அவன் கைத்தொழில் எங்கே போகிறது? ஒரு வரியை எடுத்து, அடித்து, மாற்றி, மெட்டுக்குள் உட்கார வைத்த உழைப்பு எங்கே போகிறது? விஷுவல் கெய்க்கு மரணத்தை அழகாக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. கறுப்பு ரோஜா, சவப்பெட்டி, உதிரும் இதழ் எல்லாம் மேடை அலங்காரமாக வந்து வந்து கண்ணுக்குப் பழகிவிட்டன. ஹிடே, காமி, கசுகி என்று மூன்று ஆண்டுகளுக்குள் மூவரை உண்மையாகவே இழந்த பிறகும் அந்த அலங்காரத்தைக் கொண்டு இவர்களின் சாவைப் போர்த்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. 19 வயதுப் பிள்ளையின் மரணத்தில் அழகு எதுவும் இல்லை. அவனுக்கு வீடு இருந்தது, மூன்று நண்பர்கள் இருந்தார்கள், மறுநாள் வெளியாக வேண்டிய பாட்டு இருந்தது.

மிஞ்சிய மூவரும் இன்னொரு கிட்டார்காரரை வைத்து அதே பெயரில் தொடரவில்லை. 2001 ஜனவரியில் கலைப்பை அறிவித்தார்கள். லூனா சீ என்ற மூத்த குழுவும் அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2000 டிசம்பர் கடைசியில், டோக்கியோ டோமில் திரையை இறக்கியிருந்தது. ஒரு காலகட்டமே அந்தக் குளிர்காலத்தோடு முடிந்துபோயிற்று. யூகியும் ஹிரோவும் அதே 2001இல் ரைஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்த இருவரும் இசையை விடவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி. நண்பனைப் பறிகொடுத்த 19 வயதுப் பையன்கள் கருவியைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

2012 அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களும் செப் டோக்கியோ அரங்கில் மூவரும் மீண்டும் ரஃபேலாக மேடையேறினார்கள். கசுகி போய் 12 ஆண்டுகள். அந்தக் கச்சேரியின் பதிவை நான் பார்த்திருக்கிறேன். யூகிக்கு அப்போது முப்பதைத் தாண்டிய வயது. குரலில் சதை கூடியிருக்கிறது, நடுக்கம் குறைந்திருக்கிறது. பள்ளியை முடிக்கும் பிள்ளையின் பாட்டை ஒரு நடுவயதை நோக்கிப் போகும் மனிதர் பாடுகிறார். வேடிக்கையாக இருக்கும் என்று பயந்தேன். இல்லை. அவர் அந்தப் பையனாக நடிக்க முயலவில்லை. பாட்டை அதை எழுதியவனின் வயதிலேயே விட்டுவிட்டு, தன் வயதிலிருந்து பாடினார். கீழே நின்ற பெண்களும் முப்பதைத் தொட்டவர்கள்தான். கைகள் எந்த இடத்தில் மலர வேண்டும், எந்த இடத்தில் தலை குனிய வேண்டும் என்று ஒருவரும் மறந்திருக்கவில்லை. 2016இல் மீண்டும் கூடி, அத்தோடு ரஃபேலை முடித்துக்கொண்டார்கள். இந்த முறை முடிவை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு முக்கியம்.

இப்போது கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி சிங்கிளிலிருந்து பின்னோக்கி வராதீர்கள். 'லைலாக்'கிலிருந்து தொடங்குங்கள், மெலிந்த ஒலிப்பதிவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'பூக்கும் உயிர் உள்ளவரை', அதன் பிறகு 'நோய்க்குறி' பாடல்கள், 'லாஸ்ட் கிராஜுவேஷன்', 'எவர்கிரீன்'. அந்த வரிசையில் போனால் கசுகி ஒவ்வொரு தட்டிலும் எதைக் கற்றுக்கொண்டு மேலே வருகிறான் என்பது காதுக்குத் தெரியும். பல்லவியில் அந்தக் கூடுதல் திருப்பம் எங்கே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். 'எவர்கிரீன்' வரும்போது அதை எவ்வளவு நிதானமாக எடுக்கிறான் என்று பாருங்கள்.